அவகாடோ கொலஸ்ட்ராலைக் குறைக்குமா? எதை எடுத்துவிட்டு அதை வைக்கிறீர்கள் என்று பாருங்கள்

உறவுக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அவகாடோவைப் பற்றி இரண்டு விதமான செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும். தினமும் ஒன்று சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் இறங்கும், தொப்பை கரையும், இனிப்பு நீர் (நீரிழிவு) அடங்கும் என்று ஒன்று. அது பழமே இல்லை, வெறும் எண்ணெய், இதயக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது என்று இன்னொன்று. சில குழுக்களில் இரண்டையும் அனுப்பியவர் ஒரே சித்தப்பாவாக இருப்பார், அதுவும் ஒரே வாரத்தில்.

கோலாலம்பூரில் இதை வெறும் அரட்டை என்று விட்டுவிட முடியாது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்கள் மூவரில் ஒருவருக்கு இரத்தத்தில் கொலஸ்ட்ரால் அதிகம், ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. அந்த நீரிழிவும் நம் இந்தியர்களிடையேதான் கூடுதல். இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வாங்கிக்கொண்டு நேராகச் சந்தைக்குப் போய் அவகாடோ வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கட்டும், நல்ல பழம்தான். ஆனால் அது உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் வாங்கினால், ஏற்கெனவே சாப்பிடுவதோடு இன்னும் இருநூறு கலோரியைச் சேர்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

## பழத்துக்குள் என்னதான் இருக்கிறது?

பெரும்பாலான பழங்கள் பழுக்கும்போது சர்க்கரையைச் சேர்த்துவைக்கும். மாம்பழம், வாழை, சீக்கு (சப்போட்டா) எல்லாம் அப்படித்தான். அவகாடோ கொழுப்பைச் சேர்த்துவைக்கிறது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம் அது. நம் வீட்டு இலவங்கப்பட்டையும் அதே தாவரக் குடும்பம் என்றால் பலர் நம்ப மாட்டார்கள்.

நூறு கிராம் சதையில் சுமார் 160 கலோரி, கொழுப்பு ஏறக்குறைய 15 கிராம், நார்ச்சத்து 6.7 கிராம், பொட்டாசியம் 485 மில்லிகிராம், சர்க்கரை ஒரு கிராம்கூட இல்லை. அதே எடை வாழைப்பழத்தில் சர்க்கரை 12 கிராம், கொழுப்பு அரை கிராமுக்கும் கீழே. இது பல வகைகளின் சராசரி, ஹாஸ் வகைக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான், அதாவது பழுத்தால் தோல் கறுக்கிற, சொரசொரப்பான வகை. கலிபோர்னியாவில் தபால்காரராக இருந்த ருடால்ஃப் ஹாஸ் என்பவர் தன் தோட்டத்தில் நட்ட கொட்டையிலிருந்து எதேச்சையாகக் கிடைத்த மரத்துக்கு 1935இல் காப்புரிமை வாங்கினார், இன்று உலகச் சந்தையை ஆள்வது அந்த மரத்தின் வாரிசுகள்தான். இங்கே சந்தையில் பெரிதாக, வழவழப்பாக, பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும் வகையும் கிடைக்கும். வெப்பமான தாழ்நிலத்தில் விளையும் அந்த வகைகளில் பொதுவாகத் தண்ணீர் அதிகம், எண்ணெய் குறைவு. ஜூஸுக்கு அது போதும், ரொட்டியில் தடவ ஹாஸ்தான் சரி.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடலாம். அவகாடோவில் கொலஸ்ட்ரால் கிடையாது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, செடிகொடியிலிருந்து வரும் எந்த உணவிலும் கொலஸ்ட்ரால் இல்லையென்றே சொல்லலாம். சமையல் எண்ணெய்ப் போத்தலில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்களே, அது எந்தத் தாவர எண்ணெய்க்கும் பொருந்தும். தேங்காய் எண்ணெயிலும் பாம் ஆயிலிலும் கொலஸ்ட்ரால் இல்லைதான். ஆனால் நாம் சாப்பிடும் கொலஸ்ட்ராலைவிட, சாப்பிடும் கொழுப்பு எந்த வகை என்பதுதான் பெரும்பாலானவர்களின் இரத்தக் கொலஸ்ட்ராலை அதிகம் ஏற்றி இறக்குகிறது.

## இரண்டு வகைக் கொழுப்பு

கொழுப்பு என்பது நீளமான சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. சில சங்கிலிகள் நேராக இருக்கும், ஒன்றோடொன்று நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும், அதனால் சீக்கிரம் உறைந்துவிடும். இதை நிறைவுற்ற கொழுப்பு என்கிறார்கள். சில சங்கிலிகளில் ஓரிடத்திலோ பல இடங்களிலோ வளைவு இருக்கும், நெருங்கி அடுக்கிக்கொள்ள முடியாது, அதனால் திரவமாகவே நிற்கும். இது நிறைவுறாத கொழுப்பு.

சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். தேங்காய் எண்ணெயையும் நல்லெண்ணெயையும் தனித்தனிக் கிண்ணத்தில் ஊற்றி பிரிட்ஜில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் கல்லாகிவிடும், நல்லெண்ணெய் ஊற்றுகிற பதத்திலேயே இருக்கும். தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் ஏறத்தாழ ஆறு பங்கு, பாம் ஆயிலில் பாதி. அவகாடோவில் இருக்கும் கொழுப்பில் ஏழில் ஒரு பங்குதான் நிறைவுற்றது, மூன்றில் இரண்டு பங்கு ஒலிக் அமிலம் போன்ற ஒற்றை வளைவுக் கொழுப்பு. ஆலிவ் எண்ணெயைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அதிலும் பிரதானமாக இருப்பது இதே ஒலிக் அமிலம்தான். நம் நிலக்கடலையில் இருக்கும் கொழுப்பிலும் பாதி இதே வகை, ஆனால் கடலையை யாரும் வாட்ஸ்அப்பில் புகழ்வதில்லை.

## கல்லீரலில் நடக்கிற போக்குவரத்து

தீபாவளிக்கு முதல் நாள் சுங்கை பீசி டோல் சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குக் கிளம்பும் கார்கள் எல்லாம் நெடுஞ்சாலையில் வந்துகொண்டே இருக்கின்றன. சாவடியில் எல்லா வழியும் திறந்திருந்தால் கார்கள் நகரும். பாதி வழியை மூடிவிட்டால் வருகிற காரின் எண்ணிக்கை அதேதான், ஆனால் வரிசை பின்னால் கிலோமீட்டர் கணக்கில் நீளும். பினாங்குக்காரர்கள் இதற்குப் பதில் ஜூரு டோலை நினைத்துக்கொள்ளலாம், துன்பம் ஒன்றுதான்.

இரத்தத்தில் கொலஸ்ட்ரால் தனியாக மிதப்பதில்லை, சின்னச் சின்ன உருண்டைகளில் ஏறித்தான் பயணம் செய்கிறது. அந்த உருண்டைகளில் ஒரு வகைக்கு எல்டிஎல் என்று பெயர், பரிசோதனை அறிக்கையில் டாக்டர் வட்டம் போட்டுக் காட்டுவது அதைத்தான். அவைதான் கார்கள். கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் புரதங்கள் உண்டு, அவற்றை ஏற்பிகள் என்பார்கள். அவைதான் டோல் வழிகள். நிறைவுற்ற கொழுப்பை அதிகமாகச் சாப்பிட்டால் இந்த ஏற்பிகள் குறைகின்றன. எல்டிஎல் இரத்தத்திலேயே சுற்றிச் சுற்றி வருகிறது, நாளடைவில் இரத்தக் குழாயின் சுவருக்குள் புகுந்து படிகிறது. இதயத்துக்குப் போகும் குழாயில் இது நடந்தால் மாரடைப்பு, மூளைக்குப் போகும் குழாயில் நடந்தால் பக்கவாதம்.

நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தில் நிறைவுறாத கொழுப்பை வைத்தால் மூடிய வழிகள் மறுபடி திறக்கின்றன. டாக்டர் எழுதித் தரும் ஸ்டாட்டின் மாத்திரையும் கடைசியில் செய்வது இந்த ஏற்பிகளைக் கூட்டுகிற வேலையைத்தான். மாத்திரை பத்து வழியைத் திறக்கிற இடத்தில் சாப்பாட்டு மாற்றம் இரண்டு மூன்று வழியைத் திறக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவகாடோ சாப்பிடுகிறேன் என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

சுருக்கமாக: அவகாடோவில் பெரும்பகுதி நிறைவுறாத கொழுப்பு. அது உள்ளே போய் எல்டிஎல்லைக் கரைப்பதில்லை, அடைப்பை அரித்து எடுப்பதும் இல்லை. நெய், வெண்ணெய், தேங்காய்ப் பால் போன்றவற்றின் இடத்தை அது பிடித்துக்கொண்டால் கல்லீரல் தன் வேலையைச் சுலபமாகச் செய்கிறது.

## பதிலாகவா, கூடுதலாகவா?

மொத்தக் குழப்பமும் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதால் வருகிறது.

காலையில் இரண்டு துண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிடுகிறவர் என்று வையுங்கள். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏழு கிராம். அதை விட்டுவிட்டு அரை அவகாடோவை மசித்துத் தடவினால் ஒன்றரை கிராம் சொச்சம்தான், கூடவே நார்ச்சத்து ஐந்து கிராம் இலவசம். இது பதிலாக. இன்னொருவர் வழக்கம்போல தேங்காய்ப் பாலில் வெந்த நாசி லெமாக் சோறு சாப்பிட்டுவிட்டு, உடம்புக்கு நல்லதாமே என்று மத்தியானம் ஒரு முழு அவகாடோவைக் கரண்டியால் வழித்துச் சாப்பிடுகிறார். இது கூடுதலாக. தேங்காய்ப் பால் அப்படியே இருக்கிறது, மூடிய டோல் வழியும் அப்படியே இருக்கிறது, நடுத்தரப் பழம் ஒன்றில் 240 கலோரி வந்து சேர்கிறது. ஒரு ரொட்டி சானாய் சுமார் 300 கலோரி என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை.

ஆராய்ச்சிகளும் இதையேதான் காட்டுகின்றன. அமெரிக்காவில் இடுப்புச் சுற்றளவு அதிகமுள்ள ஏறத்தாழ ஆயிரம் பேரைத் தேர்ந்து, பாதிப் பேருக்குத் தினம் ஒரு அவகாடோ கொடுத்து, மற்ற சாப்பாட்டை அவர்கள் இஷ்டத்துக்கு விட்டு, ஆறு மாதம் கவனித்தார்கள். 2022இல் முடிவு வெளியானது. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு குறையவில்லை. எல்டிஎல் குறைந்தது, ஆனால் நம்மூர் அறிக்கையில் போடுகிற மில்லிமோல் கணக்கில் பார்த்தால் 0.07கூட இல்லை, கண்ணுக்கே தெரியாத மாற்றம். எடையும் கூடவில்லை என்பது நல்ல செய்தி. நார்ச்சத்தும் கொழுப்பும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதால் அவர்கள் தாங்களாகவே மற்றதைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். தொப்பை கரையும் என்று வரும் செய்திக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டாம்.

அதே 2022இல் இன்னொரு பெரிய ஆய்வும் வந்தது. அமெரிக்கச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்த ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேரை முப்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தது. வாரத்தில் இரண்டு முறையாவது அரைப் பழம் சாப்பிட்டவர்களுக்கு இதய, இரத்தக் குழாய் நோய் 16 சதவீதம் குறைவு. இதைத்தான் பத்திரிகைகள் தலைப்பில் போட்டன. உள்ளே இருந்த சுவாரசியமான தகவல் வேறு. வெண்ணெய், மார்ஜரின், சீஸ், பதப்படுத்திய இறைச்சி இவற்றுக்குப் பதிலாக அவகாடோ வந்தால் நோய் குறைந்தது, ஆலிவ் எண்ணெய்க்கோ பருப்பு கொட்டை வகைகளுக்கோ பதிலாக வந்தால் கூடுதல் லாபம் எதுவும் தெரியவில்லை. அவகாடோ சாப்பிடுகிறவர்கள் பொதுவாகவே காய்கறி அதிகம் சாப்பிடுகிறவர்களாக இருந்திருக்கலாம் என்பதையும் கழித்துக்கொண்டுதான் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

ஆகவே வீட்டில் ஏற்கெனவே அளவோடு நல்லெண்ணெய் ஊற்றிச் சமைத்து, சாயங்காலம் வறுத்த பலகாரத்துக்குப் பதில் ஒரு கைப்பிடி கச்சாங் பூத்தே கடலை கொறிக்கிறவர், அவகாடோ விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடத் தேவையே இல்லை. இதயத்தைப் பொறுத்தவரை அவர் பெரிதாக எதையும் இழக்கவில்லை. உப்புப் போடாத கடலையாக இருந்தால் இன்னும் நல்லது.

## ஜூஸ் கதை தனி

மாமாக் கடையிலும் ஒட்டுக்கடையிலும் கிடைக்கிற அவகாடோ ஜூஸைப் பற்றி ஒரு வார்த்தை. பழம், பால், ஐஸ், அதோடு டின் பால் தாராளமாக. இனிப்புக் கட்டிப் பாலில் எடைக்குப் பாதிக்கு மேல் சர்க்கரை. அந்த டின்னின் உறையைத் திருப்பிப் படித்தால் பலவற்றில் பாம் ஆயில் இருப்பதும் தெரியும், ஏனென்றால் இன்று கடைகளில் புழங்குவதில் நிறைய கட்டிப் பால் இல்லை, இனிப்பு கிரீமர். ஆக, நிறைவுற்ற கொழுப்பைத் தவிர்க்க அவகாடோவைத் தேடிப் போனவர் அதையே சீனியோடு குடித்துவிட்டு வருகிறார். குலா மெலாக்கா என்ற தென்னை வெல்லப் பாகு ஊற்றினால் சுவை பிரமாதம், ஆனால் அதுவும் சர்க்கரைதான்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் அவகாடோ சாப்பிடலாமா என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. பழத்தில் சர்க்கரை மிகக் குறைவு என்பதால் அது இரத்தச் சர்க்கரையைக் குபீரென்று ஏற்றாது. இறக்கவும் செய்யாது. டின் பால் ஏற்றும்.

## கொலஸ்ட்ரால் தவிர வேறென்ன?

நார்ச்சத்து இரண்டு வகையில் உதவுகிறது. ஒரு பகுதி மலச்சிக்கலைப் போக்குகிறது, அது எல்லோருக்கும் தெரியும். தண்ணீரில் கரைகிற இன்னொரு பகுதி குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போகிறது. பித்த அமிலம் என்பது கொழுப்பைச் செரிக்க கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து தயாரிக்கும் பொருள். போனதை ஈடுகட்ட கல்லீரல் இரத்தத்திலிருந்து மேலும் எல்டிஎல்லை இழுக்கிறது. ஓட்ஸ், பருப்பு, வெண்டைக்காய் எல்லாவற்றிலும் இது நடக்கிறது.

பொட்டாசியம், சிறுநீரகம் வழியாக உப்பை வெளியேற்ற உதவுகிறது, இரத்தக் குழாயின் சுவரையும் தளர்த்துகிறது. உப்பும் சாஸும் கருவாடும் சேர்ந்த நம் சாப்பாட்டில் இது தேவைதான். எடைக்கு எடை பார்த்தால் அவகாடோவில் வாழைப்பழத்தைவிட பொட்டாசியம் அதிகம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மூன்றாவது விஷயம், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காரட், தக்காளி, கீரை இவற்றின் நிறத்துக்குக் காரணமான கரோட்டினாய்டு என்ற சத்து கொழுப்பில்தான் கரையும். எண்ணெயே இல்லாமல் வெறும் காரட்டைக் கடித்தால் அதில் பெரும்பகுதி உடம்பில் சேராமல் வெளியே போய்விடும். சாலட்டிலும் தக்காளிச் சல்சாவிலும் அவகாடோ சேர்த்தால் இந்தச் சத்து உடம்பில் சேர்வது பல மடங்கு கூடுகிறது என்று 2005இலேயே ஓர் ஆய்வு காட்டிவிட்டது. காரட் பச்சடியில் நாலு துண்டு அவகாடோ போடுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

கொட்டையைக் காயவைத்துப் பொடியாக்கிக் குடிக்கச் சொல்லும் செய்தியும் சுற்றுகிறது. அந்தப் பொடி மனிதர்களுக்குப் பாதுகாப்பானது என்று நிரூபணம் ஆகவில்லை. குப்பையில் போடுங்கள், அல்லது மண்ணில் நட்டு வளருகிறதா பாருங்கள்.

## யார் கொஞ்சம் யோசிக்க வேண்டும்?

சிறுநீரகம் பழுதடைந்தவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் முதலில். அவர்கள் உடம்பு பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்றாது, இரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். மற்றவர்களுக்கு நல்லதாக இருக்கும் அதே பொட்டாசியம் இவர்களுக்கு ஆபத்து, டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

இன்னொன்று ரப்பர் ஒவ்வாமை. கையுறைத் தொழிற்சாலைகள் நிறைந்த நாட்டில் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். இயற்கை ரப்பர் பாலில் இருக்கும் சில புரதங்களும் அவகாடோ, வாழை, கிவி போன்றவற்றில் இருக்கும் சில புரதங்களும் ஒரே சாயல் கொண்டவை. ரப்பர் கையுறை போட்டால் கை அரித்துத் தடிக்கிறது என்பவர்களில் சிலருக்கு அவகாடோ சாப்பிட்டதும் வாயும் உதடும் அரிக்கும். அப்படி இருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், இதில் வைட்டமின் கே ஓரளவு இருப்பதால், திடீரென்று அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இதுவரை பார்த்தது: வெண்ணெய் இருந்த இடத்தில் அரைப் பழம் வந்தால் லாபம், மேலதிகமாக வந்தால் கலோரி மட்டும்தான். தொப்பையைக் கரைக்காது, மாத்திரைக்கு மாற்று ஆகாது, சிறுநீரக நோயாளிகள் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும். சரி, அடுப்படிக்குப் போகலாம்.

## வாங்குவதும் பழுக்கவைப்பதும்

அவகாடோ மரத்தில் பழுக்காது. பறித்த பிறகுதான் பழுக்கத் தொடங்கும், அதனால் கடையில் கல் மாதிரி இருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். பழுக்கவைப்பது எத்திலீன் என்ற வாயு, பழமே அதை வெளியிடுகிறது, அந்த வாயுவே அதை மேலும் பழுக்கவைக்கிறது. காகிதப் பையில் ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு சேர்த்து மூடிவைத்தால் வாயு வெளியே போகாமல் தங்கி வேலை சீக்கிரம் முடியும். பாட்டிமார் மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்ததும் இதே காரணத்துக்குத்தான், அவகாடோவும் அரிசிக்குள் நன்றாகப் பழுக்கும். நம்மூர் வெக்கைக்கு இரண்டு மூன்று நாளில் தயாராகிவிடும், அதனால் தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒருநாள் மறந்தால் போச்சு.

காயாக இருக்கும்போது பிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிர் தாங்காமல் சதை கறுத்து, பழுக்காமலே வீணாகும். பழுத்த பிறகு வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

பழுத்ததா என்று பார்க்க விரல் நுனியால் குத்த வேண்டாம், அடுத்து வாங்குகிறவருக்குக் கன்றிய பழம்தான் கிடைக்கும். உள்ளங்கையில் வைத்து, காம்புப் பக்கம் மெதுவாக அழுத்தினால் லேசாக இளக வேண்டும். ஹாஸ் கறுத்தால் பழுத்தது என்று நிறத்தைப் பார்த்துச் சொல்லலாம், வழவழப்பான பச்சை வகைக்கு அந்தக் கணக்கு உதவாது, தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வெட்டும்போது கொட்டையைச் சுற்றி நீளவாக்கில் கத்தியை ஓட்டி, இரண்டு பாதியையும் எதிரெதிராகத் திருகுங்கள். கொட்டையை ஒரு கரண்டியால் நெம்பி எடுங்கள். பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டையைக் கத்தியால் கொத்துவது வீடியோவில் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கத்தி வழுக்கி உள்ளங்கையில் இறங்கி மருத்துவமனைக்கு ஓடியவர்கள் உலகம் முழுக்க ஏராளம்.

## வெட்டினதும் ஏன் கறுக்கிறது?

சதைக்குள் ஃபீனால் என்ற பொருளும், அதை மாற்றக்கூடிய ஒரு நொதியும் தனித்தனி அறையில் இருக்கின்றன. நொதி என்பது வேதிமாற்றத்தை வேகப்படுத்தும் புரதம். கத்தி பட்டதும் அறைகள் உடைந்து இரண்டும் கலக்கின்றன, காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்ததும் பழுப்பு நிறப் பொருள் உண்டாகிறது. கத்தரிக்காய், வாழைக்காய், ஆப்பிள் எல்லாம் கறுப்பது இப்படித்தான். கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, மேலே கொஞ்சம் சுரண்டிவிட்டுச் சாப்பிடலாம்.

தடுக்க இரண்டு வழி. புளிப்பு அந்த நொதியை மந்தப்படுத்தும், அதனால் லீமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சை ஒன்றைப் பிழிந்து தடவுங்கள். காற்று படாமல் செய்ய பிளாஸ்டிக் தாளைச் சதையோடு ஒட்டினாற்போல் அழுத்தி மூடுங்கள், நடுவில் இடைவெளி இருந்தால் பயனில்லை. கொட்டையை உள்ளேயே விட்டால் கறுக்காது என்பது பாதி உண்மை, கொட்டை மூடியிருக்கும் அந்தக் குழி மட்டும் கறுக்காது. பழத்தைத் தண்ணீரில் போட்டு பிரிட்ஜில் வைக்கும் வித்தை ஒன்று இணையத்தில் பரவியபோது, தோலில் ஒட்டியிருக்கும் கிருமிகள் தண்ணீரில் பெருகிச் சதைக்குள் போகக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது. அந்த வித்தை வேண்டாம். வெட்டுவதற்கு முன் தோலையும் கழுவிவிடுங்கள், தோலைத் தின்னப் போவதில்லை என்றாலும் கத்தி அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறது.

## நம் சமையலில் எங்கே வைப்பது?

தேங்காய்ச் சட்னிக்குப் பதில் அவகாடோ சட்னி செய்யலாம். ஒரு பழத்துக்குப் பச்சை மிளகாய் இரண்டு, ஒரு கைப்பிடி கொத்தமல்லி, சின்னத் துண்டு இஞ்சி, உப்பு, எலுமிச்சைச் சாறு. அரைத்து, நல்லெண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, கொஞ்சம் ஆறவைத்து மேலே ஊற்றுங்கள். தாளிப்பைச் சுடச்சுடக் கொட்டிக் கிளறிக்கொண்டே இருந்தால் கசக்கும். அவகாடோவை அதிக நேரம் சூடாக்கினால் கசப்பு ஏறும் என்பதை எல்லா இடத்திலும் நினைவில் வையுங்கள், குழம்பில் போட்டுக் கொதிக்கவிடுகிற காய் இல்லை அது. சூப்பிலோ நூடுல்ஸிலோ போடுவதென்றால் அடுப்பை அணைத்த பிறகுதான்.

சப்பாத்தி மாவில் எண்ணெய், நெய் எதுவும் விடாமல் மசித்த அவகாடோவைப் போட்டுப் பிசையலாம். தண்ணீரைக் குறைத்து ஊற்றுங்கள், இல்லையென்றால் மாவு கையில் ஒட்டும். சப்பாத்தி இளம்பச்சையாக வரும், மறுநாளும் மெத்தென்று இருக்கும், பள்ளிக்குக் கொடுத்தனுப்ப வசதி. கல்லில் போட்டு எடுக்கும் அந்த ஓரிரு நிமிடச் சூட்டுக்கு மாவோடு கலந்த பழம் கசப்பதில்லை.

ரொட்டியில் காயா ஜாமும் வெண்ணெயும் தடவுகிற இடத்தில் அவகாடோ, மேலே கொஞ்சம் சம்பல், வறுத்த நெத்திலி நாலு. எனக்கு இதுதான் முதலிடம். மாலில் இதையே முட்டையோடு வைத்து வாங்குகிற காசுக்கு வீட்டில் நாலு பேர் சாப்பிடலாம். தயிர்ப் பச்சடியில் வெள்ளரிக்காய், காரட், தக்காளியோடு சேர்ப்பதைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். மோரில் அடித்து, உப்பு, சீரகத்தூள், ஒரு கீற்று இஞ்சி போட்டால் கெட்டியான லஸ்ஸி மாதிரி வரும், டின் பால் தேவைப்படாது. பல் முளைக்காத குழந்தைக்கு, ஆறு மாதம் ஆனபிறகு, வெறும் பழத்தை மசித்து ஊட்டலாம். உப்பும் சீனியும் வேண்டாம்.

நிறையப் பழம் ஒரே நாளில் பழுத்துவிட்டால் எலுமிச்சைச் சாறு விட்டு மசித்து, சின்ன டப்பாக்களில் அடைத்து உறையவைக்கலாம். துண்டு துண்டாக உறையவைத்தால் உருகும்போது தண்ணீர் விட்டுத் தொளதொளத்துவிடும், மசித்ததற்கு அந்தப் பிரச்சினை இல்லை. சட்னிக்கும் சப்பாத்திக்கும் அதை அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம்.

கடைசியாக அவகாடோ எண்ணெய். சுத்திகரித்த வகை 250 டிகிரி சூடு வரை புகையாமல் தாங்கும் என்பதால் வறுக்க ஏற்றது என்று விளம்பரம் செய்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் 2020இல் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் கடைகளில் வாங்கிச் சோதித்த போத்தல்களில் 82 சதவீதம் கெட்டுப்போனதாகவோ வேறு எண்ணெய் கலந்ததாகவோ இருந்தது. வீட்டுத் தாளிப்புக்கு அவ்வளவு சூடும் தேவையில்லை. போத்தலுக்குக் கொடுக்கிற வெள்ளிக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் வாங்கிக்கொண்டு, மிச்சக் காசுக்குப் பழமாகவே வாங்குங்கள். நார்ச்சத்து பழத்தில்தான் இருக்கிறது, எண்ணெயில் ஒரு கிராம்கூட இல்லை.